பூமயிலின் முகவாய் மணல்

வெள்ளரியேந்தலில் மண் உண்டு, மணல் கிடையாது. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற, வெயில் ஏறினால் பாளம் பாளமாக வெடித்து வெள்ளாட்டங்குட்டியின் காலை வாங்கிக்கொள்கிற கருமண்தான் கண்மாய்க்கரையில் தொடங்கி பஸ் நிற்கிற புளியமரம் வரைக்கும் கிடந்தது. யாராவது காரை வீடு கட்ட லாரியில் ஆற்று மணல் வந்து இறங்கினால், அக்கம்பக்கமெல்லாம் வந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுப் போகும். அதனால்தான் ஒரு தை மாதத்துக் காலையில், மருமகள் பூமயில் படுத்து எழுந்த தலையணையில் ஒரு சிட்டிகை மணல் கிடந்தபோது, பாயைச் சுருட்ட வந்த சீனியம்மா அதைத் தட்டிவிடாமல் குனிந்து பார்த்தாள். ஆற்று மணல் இல்லை அது. அரைத்துச் சலித்த மாதிரி நைசாக, செங்கல்பொடியில் மஞ்சள் கலந்த நிறத்தில், வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது. நேற்று எங்கே போனாய் என்று மருமகளைக் கேட்டாள். வற்றல் மூட்டை அடுக்குகிற மிளகாய்க் கிட்டங்கிக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் போகவில்லை என்று பூமயில் சொன்னாள்.

பூமயிலின் முகவாயில், கீழுதட்டுக்கும் தாடை நுனிக்கும் நடுவில், அதற்கு முந்தின வருஷம் ஒரு பரு வந்திருந்தது. பரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அது பழுத்தது, உடைந்தது, காய்ந்தது, பக்கு உதிர்ந்து தோல் மூடியது, மூடிய தோல் கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி சிவந்தது. சீனியம்மா வேப்பங்கொழுந்தையும் மஞ்சளையும் அரைத்துப் பற்றுப் போட்டாள். பரமக்குடியில் தோல் வைத்தியம் பார்க்கிற டாக்டர் முதலில் ஒரு களிம்பும், பிறகு வேறொரு களிம்பும், பிறகு மாத்திரையும் கொடுத்துப் பார்த்து, கடைசியில் மரத்துப்போக ஊசி போட்டு அறுத்துத் தைத்தும் அனுப்பினார். தையல் பிரித்த இடத்திலேயே, சண்டை போட்டுக்கொண்டு போனவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பியதுபோல அது மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. வலி மட்டும் இல்லை. அழுத்தினாலும் வலிக்கவில்லை, மிளகாய்த் தூசி பட்டாலும் எரியவில்லை. வலித்திருந்தால் பயந்திருப்பாள், வலிக்காததால் அதையும் ஒரு மச்சம்போல முகத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். நாளாக நாளாக அந்த இடத்துத் தோல், உள்ளேயிருந்து யாரோ நூல் கட்டி இழுப்பதுபோலக் குழிந்துகொண்டே வந்தது.

அவள் புருஷன் சேதுராசு சவூதிக்குப் போய் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. போன புதிதில் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணினான். பாலைவனத்தில் ரோடு போடுகிற கம்பெனி என்றான், தண்ணீர் லாரி ஓட்டுகிறேன் என்றான், கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் ஒரு மரம் இல்லை, நிழல் வேண்டுமென்றால் லாரிக்கு அடியில்தான் படுக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு போன் மாதத்துக்கு ஒன்றானது. பிறகு, இந்தக் கம்பெனி சரியில்லை, வேறு இடத்துக்கு மாறப்போகிறேன் என்று ஒரு தடவை பேசினான், அதோடு சரி. அனுப்பிவைத்த ஏஜெண்டு கடையைக் காலி பண்ணிவிட்டுப் போயிருந்தார். ஊர்க்காரர்கள் அங்கங்கே விசாரித்தார்கள். ஒருவர் தம்மாம் பக்கம் பார்த்ததாகச் சொன்னார், அவரோடு இருந்த இன்னொருவர் அது சேதுராசு மாதிரி ஓர் ஆள்தான் என்றார். செத்த சேதியும் வரவில்லை, இருக்கிற சேதியும் வரவில்லை. பூமயில் பூவும் பொட்டுமாகத்தான் இருந்தாள், ஆனால் கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க வா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் யாரும் சொல்லவில்லை.

மணல் அவள் புண்ணிலிருந்துதான் வருகிறது என்பது கிட்டங்கியில் வைத்துத் தெரிந்தது. மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் ஏதோ பேச்சில் சிரிக்க, பூமயிலும் சிரிக்க, அவள் முகவாய்க் குழியிலிருந்து மணல் ஓர் இழையாக, கிழிந்த சாக்கிலிருந்து ரவை கொட்டுவதுபோலச் சத்தமில்லாமல் இறங்கி மடியில் இருந்த மிளகாயின் மேல் குவிந்தது. பக்கத்தில் இருந்த கைருன் பீவி, குவைத்தில் புருஷனையும் கத்தாரில் மூத்த மகனையும் வைத்திருப்பவள், கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்த்தாள். சூடாயிருக்கே மதினி, அங்கே இப்போ உச்சிவெயில் இல்லையே, காலைதானே என்று மட்டும் சொன்னாள். எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தக் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் வீட்டிலும் ஓர் ஆள் அங்கே இருந்தான்.

ஊர் அதற்குப் பயப்படவில்லை. பயப்படுவதற்கு அது பேயோ பிசாசோ இல்லை, மணல்தானே என்றார்கள். நம்ம பிள்ளை மிதிக்கிற மண்ணு என்று சீனியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். தோல் டாக்டரிடம் மறுபடி போனபோது மணலையும் ஒரு பொட்டலத்தில் எடுத்துப் போய்க் காட்டினார்கள்; அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, தூசியில் வேலை செய்வதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி, இன்னொரு களிம்பு எழுதினார். அந்தக் களிம்புக் குப்பியைத் திறக்கவே இல்லை. புண்ணை ஆற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்த வீட்டிலிருந்து எப்போது வெளியேறியது என்று மாமியாருக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது.

மணலைப் பார்த்து விவரம் சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்தார். துரைச்சிங்கம் பதினெட்டு வருஷம் அங்கே டிரெய்லர் ஓட்டிவிட்டு, இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்து ஆட்டுக்கிடை போட்டிருந்தவர். அவரைக் கூப்பிட்டுக் கையில் மணலைக் கொடுத்தார்கள். அவர் அதை விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார், மோந்து பார்த்தார், நாக்கில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். இது தெற்குப் பக்கத்து மணல், ஊர் உலகம் இல்லாத இடம், டீசல் வாடை இருப்பதால் லாரி போகிற தடம்தான் என்று சொன்னார். சொல்லி முடித்துவிட்டு எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை; தினமும் சாயங்காலம் ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து, ஒரு பிடி மணலைக் கையில் வாங்கிக்கொண்டு, அங்கே இருந்த காலமெல்லாம் ஊரை நினைத்துக் கிடந்தவர், இப்போது ஊரில் இருந்துகொண்டு அந்த வெட்டவெளியை நினைத்துக் கிடந்தார்.

பூமயிலுக்கு அவன் நாட்கள் பழக்கமாயின. விடியற்காலையில் மணல் சூடு குறைந்து வரும். முற்பகல் போகப்போகச் சூடேறி, அங்கே உச்சியாகிற நேரத்தில் முகவாய் கொதிக்கும். ஈரத்துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அங்க வெயிலு கடுசு போல என்று பக்கத்தில் இருப்பவர்கள் விசிறிவிடுவார்கள். அங்கே காற்றடிக்கிற மாதங்களில் பேசக்கூட முடியாதபடி கொட்டும். ஒரு நாள் மணல் ஈரமாக, கட்டிகட்டியாக விழுந்தது. மழை பெய்திருக்கிறது, அங்கே மழை பெய்திருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லி, பள்ளிவாசல் தெருவில் கைருன் அன்று பாயசம் காய்ச்சிக் கொடுத்துவிட்டாள். இன்னொரு நாள் மணலோடு ஒரு நீல நூல், நகக்கண் அளவுக்கு, வந்து விழுந்தது. சீனியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவன் போட்டுக்கொண்டு போன சட்டை நீலந்தானே என்று கேட்டாள். பூமயில் யோசித்தாள். நீலமா, பச்சையா, கோடு போட்டதா, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவன் ஒவ்வொரு நாளும் எத்தனை சூட்டில் நிற்கிறான் என்பது தெரிந்த தனக்கு, அவன் போகும்போது உடுத்தியிருந்த சட்டை தெரியாமல் போனதை நினைத்து அன்று முழுக்க அவள் அந்த நூலை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணலைக் கூட்டிக் குப்பையில் போட மனசு வராமல் சீனியம்மா அதை முற்றத்து மூலையில் சேர்த்தாள். அது முதலில் ஒரு முறம் அளவு இருந்தது, பிறகு ஒரு வண்டி அளவு ஆனது, வருஷம் திரும்புவதற்குள் முற்றத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, காற்று வரிவரியாகக் கோலம் போட்ட ஒரு மேடாகப் படுத்துக்கொண்டது. மார்கழியிலும் அது சூடு ஆறவில்லை. பெண்கள் செல்போனை எடுத்துக்கொண்டு அங்கே வரத் தொடங்கினார்கள். மணலில் உட்கார்ந்து பேசினால் அந்தப் பக்கத்துக் குரல் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோலக் கேட்கிறது என்று ஒருத்தி சொல்ல, அது உண்மைதான் என்று மற்றவர்களும் சொல்ல, சாயங்காலமானால் முற்றம் முழுக்கப் பெண்கள் காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டீங்களா, சம்பளம் போட்டானா, கால் வீக்கம் வத்திருச்சா, எப்ப லீவு. பேசிவிட்டுப் போகும்போது ஒரு சிட்டிகை மணலை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தார் வந்து பார்த்தார்கள், அம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்தார்; இரண்டு தரப்புமே இதைக் கும்பிடவும் வேண்டாம், குறைசொல்லவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சீனியம்மா அந்த மேட்டின்மேல்தான் படுத்தாள். கட்டிலும் வேண்டாம், பாயும் வேண்டாம் என்று முந்தானையை விரித்து, மணலில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த காலத்துச் சூடு இதுதான் என்றாள்.

அந்த மணல் மேட்டில் யார் யாரோ போனில் பேசினார்கள். பூமயிலுக்கு மட்டும் பேச எண் இல்லை. அவள் சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாள், பேச்சுக்கு நடுவில் அவர்கள் சிரிக்கும்போது அவளும் கொஞ்சம் சிரிப்பாள், சிரித்தால் மணல் விழும். அவன் மணல் மணியாக வந்துகொண்டிருக்கிறான், ஒரு நாள் முழுசாக வந்து சேர்ந்துவிடுவான் என்று ஒரு சமயம் நினைப்பாள். இன்னொரு சமயம், இது அவன் அனுப்புவதில்லை, அவன் பாட்டுக்கு நடக்கிறான், அவன் உதறுகிற செருப்பு மண் என்மேல் விழுகிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். எப்படியானாலும் விழுகிறதே என்று முகவாயைத் துடைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது சீனியம்மாவுக்குப் பல்வலி வந்தது. கடைவாய்ப்பல் ஒன்று சொத்தை விழுந்து கன்னத்தை வீங்கவைத்து, கிராம்புக்கும் அடங்காமல், சுடுதண்ணீருக்கும் அடங்காமல் அவளைப் புரட்டியெடுத்ததில், பூமயில் அவளைப் பரமக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பேக்கரிக்கு மேல் மாடியில் புதிதாகப் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த மெகராஜ் பானு என்ற டாக்டரம்மா, முப்பது வயதுகூட இருக்காது, சீனியம்மாவை நாற்காலியில் சாய்த்து ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் துணைக்கு நின்றவளின் முகவாயைப் பார்த்தாள். எவ்வளவு நாளாக இது இருக்கிறது, என்ன வைத்தியம் பார்த்தீர்கள், வலிக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தவள், தோலில் இருந்த குழியை விட்டுவிட்டு உதட்டைக் கீழே இழுத்துப் பல்லைப் பார்த்தாள். கீழ்வரிசையில் நடுப்பல் ஒன்று, மற்றதெல்லாம் வெள்ளையாக இருக்க, அது மட்டும் சாம்பல் பூத்திருந்தது. ஐஸ்கட்டியைப் பஞ்சில் சுற்றி அதன்மேல் வைத்தாள். மற்றப் பற்கள் கூசின. அது கூசவில்லை.

"முன்னாடி எப்பவாவது வாயில அடிபட்டுச்சாக்கா?"

பூமயில் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, பிறகு நின்றாள். சேதுராசு போன அன்று புளியமரத்தடியில் பஸ் நின்றது. அவன் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கட்டும் என்று அவள் படிக்கட்டோடு ஒட்டி நின்றாள். கண்டக்டர் விசிலடித்ததும் வண்டி ஓர் இழுப்பு இழுக்க, கைப்பிடிக் கம்பி அவள் வாயில் வந்து இடித்தது. ரத்தம் வந்ததை அவன் பார்த்துவிடக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜன்னலில் தலை நீட்டிய அவன், அவள் அழுகிறாள் என்று நினைத்து, அழாதே அழாதே என்று கைகாட்டிக்கொண்டே போனான். ரத்தம் அன்றைக்கே நின்றுவிட்டது, பல் ஆடவும் இல்லை, அடிபட்டதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

டாக்டரம்மா குழிக்குள் மயிரிழை கனத்தில் ஒரு மெல்லிய குச்சியை நுழைத்தாள். அது வலிக்காமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அப்படியே வைத்து எக்ஸ்ரே எடுத்து, திரையில் காட்டினாள்: முகவாயில் நுழைந்த குச்சி எலும்பைத் தாண்டி அந்தச் சாம்பல் பல்லின் வேர் நுனியில் போய் நின்றது, வேரைச் சுற்றி எலும்பு கரைந்து, ஒரு கோலிக்குண்டு அளவுக்கு இருட்டாக இருந்தது. நோய் தோலில் இல்லை, பல்லில் இருக்கிறது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். அன்று பட்ட அடியில் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனது. செத்த நரம்பு வலிக்காது. அது அழுகி, சீழாகி, போக இடமில்லாமல் எலும்பைக் குடைந்து இங்கே வந்து வாய் திறந்திருக்கிறது. வெளியே எத்தனை களிம்பு போட்டாலும், எத்தனை தடவை அறுத்துத் தைத்தாலும் திறக்கத்தான் செய்யும். பல்லைச் சரிசெய்தால் எதுவுமே போடாமல் இது தானாக மூடிக்கொள்ளும். எலும்பு இவ்வளவு போய்விட்டதால் பல்லை எடுத்துவிடுவதே நல்லது, விட்டால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிடும் என்றாள். குச்சியை உருவியபோது அவள் உறை போட்ட கையில் மணல் கொட்டியது. டாக்டரம்மாவைப் பெற்ற அத்தா மஸ்கட்டில் இருந்தார், அவள் நாலாவது படிக்கும்போது போனவர். அவள் அந்த மணலை மூடிய கையோடு கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், பிறகு உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள்.

நாற்காலியில் வாய் நிறையப் பஞ்சோடு சாய்ந்திருந்த சீனியம்மா எல்லாவற்றையும் கேட்டாள். திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து இறங்குகிற சமயத்தில், மிளகாய் சீசன் முடியட்டும் என்று பூமயில் சொன்னாள். முடியட்டும் என்று சீனியம்மாவும் சொன்னாள்.

சேதி ஊருக்குத் தெரிந்தது. எடுக்காதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடு வந்தார்கள். மகன் லீவில் வர டிக்கெட் போட்டிருக்கிறான், அவன் வந்து இறங்கட்டும் என்றாள் ஒருத்தி. நோன்பு மாதம் கழியட்டும் என்றாள் கைருன், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். துரைச்சிங்கம் தன் பிடி மணலை வாங்கிக்கொண்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். மகன் வந்து திரும்பியும் போனான், நோன்பு கழிந்து பெருநாளும் வந்தது, சீசன் முடிந்து கிட்டங்கி காலியானது. மணல் விழுந்துகொண்டே இருந்தது.

ஆனி பிறந்த வாரத்தில் ஒரு காலையில், வீட்டுச் செலவுக்கு எடுத்துவைத்த மிளகாயை முற்றத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்த பூமயிலால் எச்சிலை விழுங்க முடியவில்லை. நாக்குக்கு அடியில் ஏதோ திரண்டு நாக்கை மேலே தள்ளியது. மத்தியானத்துக்குள் தாடைக்குக் கீழே பலகைபோல இறுகி, கழுத்து வீங்கி, உடம்பு அனலாகக் காய்ந்தது. அந்த வேளைக்குக் கொதித்துக் கொட்ட வேண்டிய மணல் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. குழி அடைத்துக்கொண்டு கறுத்திருந்தது. கைருன் ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள். ஆட்டோ வந்து நின்றது. பூமயில் நிலையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். வார்த்தை உருண்டு உருண்டு வந்தது. பல்லை எடுத்துவிட்டால் அவர் எங்கே நிற்கிறார், வெயிலில் நிற்கிறாரா நிழலில் நிற்கிறாரா என்பதுகூடத் தெரியாமல் போய்விடும், நான் இப்படியே இருந்துகொள்கிறேன் என்றாள். முற்றத்தில் கூடியிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

சீனியம்மா மணல் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏ பூமயிலு. இந்த மணல்ல நான் ஒரு வருசமாப் படுத்துக் கெடக்கேன். தெனம் விடிஞ்சதும் மொதல்ல என்ன பாப்பேன் தெரியுமா? அவன் காலடி இருக்கான்னு பாப்பேன். என் காலு இருக்கும், ஒன் காலு இருக்கும், ஊர்ல உள்ள பொம்பளைக காலெல்லாம் இருக்கும். மணலுதான் ஆத்தா வந்துச்சு. அவன் வரல."

பூமயில் நிலையை விடவில்லை.

"நான் பெத்தது எங்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றாள் சீனியம்மா. "இருக்கானா இல்லையான்னும் தெரியாது. இந்த ஒலகத்துல, எந்த எடத்துல இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு இருக்குற ஒரே ஆளு நீதான். நீயும் எங்கிட்டோ போயிட்டியன்னா நான் யாரைத் தேடுவேன்?"

சொல்லிவிட்டு மருமகளின் விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பூமயில் விட்டுவிட்டாள். விட்டதும் அவள் எடை முழுவதும் மாமியார் மேல் சாய்ந்தது. கைருன் இன்னொரு பக்கம் தாங்க, இருவருமாக அவளை ஆட்டோவில் ஏற்றினார்கள்.

பெரியாஸ்பத்திரியில் தாடைக்குக் கீழே கீறி வடித்தார்கள். நாலைந்து நாள் மூக்கில் குழாயும் கையில் ஊசியுமாகக் கிடந்து, வீக்கம் வற்றி, பல்லைப் பிறகு எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர்கள் அனுப்ப, அவள் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாள் காலையில் குழி மறுபடி திறந்தது. மணல் விழுந்தது, முன்னைப்போல இழையாக இல்லாமல், உப்பு தூவுகிற மாதிரி விட்டுவிட்டு. சீனியம்மா பார்த்துவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள். பூமயில் அந்த மணலைக் கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெதுவெதுப்பு இருந்தது, டீசல் வாடை இருந்தது, எல்லாம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அதனிடம் எத்தனையோ தடவை மனசுக்குள் கேட்டாயிற்று, அது ஒரு தடவைகூட அவள் பேரைச் சொன்னதில்லை. அவள் எழுந்து, தலையை வாரி, சேலையை மாற்றிக்கொண்டு, தனியாகவே பஸ் ஏறினாள்.

மெகராஜ் பானு ஊசி போட்டுவிட்டு, உதடு மரத்துவிட்டதா என்று கேட்டாள். பூமயில் தலையாட்டினாள். டாக்டரம்மா குறடை எடுத்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, மரத்த உதட்டோடு குழறிக் கேட்டாள்.

"இதை எடுத்தா, அங்க இருக்கவுகளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

டாக்டரம்மா மூக்கை மூடியிருந்த துணியைக் கீழே இறக்கிவிட்டு, "பல்லு உங்களோடது மட்டுந்தாக்கா" என்றாள்.

பூமயில் கையை விட்டாள். பல் வந்துவிட்டது. இரண்டு ஆட்டலில், வேர்க்கடலை தோலிலிருந்து வருவதுபோலச் சுலபமாக வந்துவிட்டது. காட்டுங்கள் என்று கையால் கேட்டாள். பஞ்சின்மேல் வைத்துக் காட்டினார்கள்: சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான ஒரு சாம்பல் பல், வேர் நுனியில் ஒரு சின்னச் சதைப் பை. இவ்வளவுதானா என்று பார்த்தாள். எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டபோது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

புண் மூன்றாவது வாரத்தில் மூடிக்கொண்டது. களிம்பு இல்லை, பற்று இல்லை, யாரும் எதுவும் செய்யவில்லை. முகவாயில் ஒரு விரல் நுனி பதிகிற பள்ளம் மட்டும் நின்றது; அவளைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் அது பிறந்ததிலிருந்தே இருக்கிற அழகு என்று நினைத்துக்கொண்டார்கள். முற்றத்து மேடு அதற்குப் பின் சூடு ஆறியது. பெண்கள் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். போனில் குரல் தூரத்துக்குப் போய்விட்டது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல, பேசி முடித்தபின் ஒரு நொடி கழித்துப் பதில் வந்தது. ஒருத்தி, இரண்டு பேர் என்று வருவது குறைந்தது. குறைகிறதே என்று யாரும் பூமயிலிடம் முகம் திருப்பவில்லை. கைருன் மட்டும் ஒரு சாயங்காலம் வந்து, அவளோடு நிலையில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்தது. அந்த வருஷத்து ஆடிக்காற்று கண்மாய்ப் பக்கத்திலிருந்து ஒரு முற்பகலில் எழுந்து, கருவேலங்காட்டை வளைத்து, கூரைகளை உலுக்கிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. நுழைந்ததும் சீனியம்மா வீட்டு முற்றத்தில் சுழன்று, அந்த மேட்டை ஒரு சேலையைக் கொடியிலிருந்து உருவுவதுபோல அப்படியே உருவி மேலே எடுத்தது. செம்மஞ்சளாக வானம் மறைந்தது. மணல் ஓட்டின்மேல் மழைச் சத்தத்தோடு விழுந்தது, பள்ளிவாசல் முகப்பிலும் அம்மன் கோயில் மணியிலும் விழுந்தது, துரைச்சிங்கத்தின் ஆடுகளின் முதுகில் விழுந்தது, தண்ணீர்க் குடங்களில் விழுந்தது, திறந்திருந்த அத்தனை வீடுகளுக்குள்ளும் நுழைந்து, அப்போதுதான் வடித்து நிமிர்த்தியிருந்த சோற்றின்மேல் படிந்தது. பொழுது சாயும்வரை அடித்துவிட்டுக் காற்று நின்றது. முற்றத்தில் கருமண் தெரிந்தது.

அன்று வெள்ளரியேந்தலில் எல்லோரும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். மறுபடி உலை வைக்க அரிசி இல்லாமல் இல்லை. பள்ளிவாசல் தெருவில் கைருன் வட்டிலில் போட்டு மருமகளுக்கும் தனக்கும் பிசைந்தாள். துரைச்சிங்கம் பட்டிக்குப் பக்கத்தில் தூக்குச் சட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். வீட்டுக்கு வீடு பல்லுக்கடியில் நறநறவென்ற சத்தம் கேட்டது, பிள்ளைகள்கூட முகம் சுளிக்கவில்லை, சோற்றில் மண் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பூமயிலும் சீனியம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து, நேற்று வைத்த புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒரு வாய் முடிந்து அடுத்த வாய்க்குப் போகும் முன், பூமயில் மென்றதை விழுங்காமல் வைத்திருந்தாள். சீனியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"முழுங்கிரு ஆத்தா," என்றாள்.

பூமயில் விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க அயித்தை என்று வட்டிலை நீட்டினாள்.